பழைய மடிக்கணினியும் நான் கேட்காமல் விட்ட கேள்வியும்

போன மாதம் நிஷாவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. செனாயில் நான் வேலை செய்த கணினிப் பழுதுபார்க்கும் கடையில் என் இடத்துக்கு வந்த பெண் அவள்.

"தேவி அக்கா, பென்சன் வாழ்க்கை எப்பிடி போகுது? ஒரு கேள்வி லா. கஸ்டமர் முன்னாலயே உட்கார்ந்துகிட்டு சீக்கிரம் சீக்கிரம்னு அவசரப்படுத்துறாங்க. ஷர்மிளா அக்கா என்னடான்னா, மொத டிஸ்க்க முழுசா காப்பி எடு, அப்புறந்தான் மத்ததுன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. லேப்டாப் ஸ்லோன்னு வந்தவங்களுக்கு எதுக்குக்கா காப்பி? கேட்டா, தேவி அக்காவைக் கேளுன்னு சொல்லிட்டு சிரிக்கிறாங்க."

பென்சன் என்பது கடையில் கூட வேலை செய்தவர்களின் கேலி. எனக்கு வயது முப்பத்திரண்டு. ஏழு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, இரண்டாவது மகள் பிறந்தபோது நின்றுவிட்டேன். கணவர் எல்லை தாண்டிப் போய் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். விடிவதற்கு முன் கிளம்பி இருட்டிய பிறகு திரும்புவார். இரண்டு பிள்ளைகளையும் ஒருவர் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. நின்றது சரியா என்று இன்னமும் வாரத்துக்கு ஒரு முறையாவது யோசிக்கிறேன். ஆனால் அந்த ஏழு ஆண்டுகளை நினைத்தால் நன்றிதான் முன்னால் வந்து நிற்கிறது. நிஷாவுக்கு ஒரு வரியில் பதில் அனுப்பியிருக்கலாம். அனுப்பப் பார்த்தேன்; முடியவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் படித்தது கணக்கியல் டிப்ளோமா. கடையில் முதலில் என்னைச் சேர்த்தது முகப்பில் உட்கார்ந்து ரசீது எழுதத்தான். ஒரு நாள் ஆள் குறைவாக இருந்தபோது ஒரு மடிக்கணினியின் மூடியைக் கழற்றச் சொன்னார்கள். திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தாளில் வட்டமாக ஒட்டி வைத்தேன். அதைப் பார்த்த முதலாளி, "இந்தப் பொண்ணு உள்ள வேலைக்குப் போகட்டும்" என்றார். அவ்வளவுதான் என் பயிற்சி. மீதியைச் சுவரில் ஒட்டியிருந்த பழைய வேலைத்தாளைப் பார்த்தும், வீட்டில் கைப்பேசியில் படித்தும் கற்றுக்கொண்டேன்.

அந்த ஆண்டுகளில் எங்களுக்கு அதிகமாக வந்த வேலை ஒன்றுதான். எட்டு வயது, பத்து வயது ஆன கணினிகளில் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, எஸ்.எஸ்.டி. என்கிற வேகமான புது வகை டிஸ்க்கைப் போட்டுக் கொடுப்பது. போட்டதும் ஏதோ புதுக் கணினி வாங்கியதுபோல் ஆகிவிடும். தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள், டியூஷன் டீச்சர்கள், எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணிகள் எல்லாரும் கொண்டு வருவார்கள். இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்து அவர்களில் சிலர் திரும்பி வருவார்கள். "மறுபடியும் ஸ்லோவா இருக்கு லா" என்பார்கள். அந்த இரண்டாவது வருகைதான் உண்மையான வேலை.

ஏன் வேகம் குறைகிறது என்பதை நிஷாவுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். ஒரு கோப்பை நாம் அழிக்கும்போது, அது போய்விட்டதாகக் கணினி தன் பட்டியலில் குறித்துக்கொள்கிறது. டிஸ்க்குக்கு அது தெரியாது. ஒரு சாப்பாட்டுக் கடையை நினைத்துக்கொள்: சாப்பிட்டவர் எழுந்து போய்விட்டார். மேசை காலி என்று உள்ளே யாரும் சொல்லவில்லை. எச்சில் தட்டு அப்படியே கிடக்கிறது. அடுத்து வந்தவர் நின்றுகொண்டே இருக்கிறார். எஸ்.எஸ்.டி.யில் துடைத்த இடத்தில்தான் புதிதாக எழுத முடியும். எனவே "இந்த மேசை காலி" என்று டிஸ்க்குக்குச் சொல்லும் ஒரு கட்டளை உண்டு. அதன் பெயர் டிரிம். அது ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தால், டிஸ்க் ஓய்வாக இருக்கும் நேரத்தில் தானே துடைத்து வைத்துக்கொள்ளும். போகாவிட்டால் ஒவ்வொரு முறை எழுதும்போதும் முதலில் துடைத்துவிட்டு எழுத வேண்டும். டிஸ்க்கும் நிரம்பிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இதில் ஒரு கெட்டதும் இருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் தவறுதலாக அழித்ததைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். எச்சில் தட்டுபோல அது அங்கேயே கிடக்கும். டிரிம் கட்டளை போய்ச் சேர்ந்த எஸ்.எஸ்.டி.யில் டிஸ்க்கே அதைத் துடைத்துவிடுகிறது. பிறகு யார் வந்தாலும் எடுக்க முடியாது.

ஷர்மிளா எங்கள் மேற்பார்வையாளராக வந்தது நான் சேர்ந்து ஐந்து மாதங்கள் கழித்து. பாலிடெக்னிக்கில் படித்தவர். என்னைவிட மூன்று வயது இளையவர். என்னை "தேவி அக்கா" என்று கூப்பிடுவார். நான் "ஷர்மிளா" என்று கூப்பிடுவேன். இரண்டு பேருமே "நீங்க" போட்டுப் பேசிக்கொள்வோம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாம் ஏதாவது தப்புச் செய்துவிட்டுச் சுற்றி வளைத்துப் பேசினால், தே ஓ ஐஸ் என்கிற பாலில்லாத ஐஸ் தேநீரை உறிஞ்சிக்கொண்டே "அப்புறம்?" என்பார். நாம் இன்னொரு வாக்கியம் சொல்வோம். மறுபடியும் "அப்புறம்?" நான்காவது "அப்புறம்?" வருவதற்குள் உண்மை முழுவதும் வெளியே வந்துவிடும்.

வந்த முதல் வாரத்திலேயே சுவரில் இருந்த பழைய தாளைக் கிழித்துவிட்டு, தன் முறையை எழுதி ஒட்டினார். வேகம் குறைந்தது என்று யார் வந்தாலும் மூன்று கேள்விகள். எப்போதிலிருந்து? என்னென்ன வேலைக்குப் பயன்படுத்துறீங்க? எது போனா நீங்க அழுவீங்க? மூன்றாவது கேள்வியை அப்படியேதான் கேட்க வேண்டும். "முக்கியமான ஃபைல் இருக்கா" என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்பார்களாம். அவர்கள் சொன்ன பதிலை அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே மாஸ்கிங் டேப்பில் எழுதி மூடியின் மேல் ஒட்ட வேண்டும். பிறகு டிஸ்க் முழுவதையும் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு டிஸ்க்கின் உடல்நலத்தைப் பார்ப்பது, டிரிம் போகிறதா என்று பார்ப்பது, தேவையில்லாததை அழித்து ஐந்தில் ஒரு பங்காவது காலியாக வைப்பது. கடைசியில்தான் ஆப்டிமைஸ் பொத்தான். அதை அழுத்தினால் காலி இடங்கள் எல்லாவற்றுக்கும் மொத்தமாக டிரிம் போய்விடும். முடிந்த பிறகு கணினியைப் பத்து நிமிடமாவது சும்மா விட வேண்டும்.

அந்தப் பொத்தானுக்கு மட்டும் தனி விதி. அழுத்துவதற்கு முன், அதுவரை செய்த எல்லாவற்றையும் பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யாருமே இல்லையென்றால் முகப்பில் காத்திருக்கும் வாடிக்கையாளரிடமாவது சொல்ல வேண்டும். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஷர்மிளா சிரிக்க மாட்டார். "கை பொய் சொல்லும்க்கா. வாய் சொல்லும்போது காது கேட்டுக்கிட்டு இருக்கும்" என்பார்.

இனி மலர் அக்கா.

தங்கமலர் என்பது முழுப்பெயர். பண்டார் தெங்காராவில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவர். என் முதல் மாதங்களில் அவருடைய மடிக்கணினிக்கு எஸ்.எஸ்.டி. போட்டுக் கொடுத்திருந்தோம். நான்காவது ஆண்டில் ஒரு புதன்கிழமை மதியம் அதைத் திரும்பக் கொண்டு வந்தார். திறந்து வைத்துவிட்டுப் போய் ஒரு தட்டு மாவு சலித்துவிட்டு வந்தாலும் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றார். முதல் கேள்வி கேட்டேன். இரண்டாவதும் கேட்டேன். மூன்றாவதுக்கு வாயைத் திறந்தபோது என் கைப்பேசி அடித்தது. ஒன்றரை வயதான என் மூத்த மகளைப் பகலில் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா கூப்பிட்டார்.

"தேவி, பாப்பாவுக்குச் சூடா இருக்கும்மா. கையில, வாயில சின்னச் சின்னதா கொப்புளம் மாதிரி தெரியுது. மத்த பிள்ளைங்க இருக்காங்க, கொஞ்சம் சீக்கிரம் வந்துரு."

அந்த மாதம் பல நர்சரிகளில் கை, கால், வாய் நோய் பரவிக்கொண்டிருந்தது. மலர் அக்காவிடம் நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி ரசீதைக் கொடுத்து அனுப்பினேன். உடனே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் கையில் எடுத்த வேலையை முடிக்காமல் போனால் ஷர்மிளாவின் தலையில் விழுமே என்று ஒரு எண்ணம். முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நகல் எடுக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதை விட்டுவிட்டேன்.

டிஸ்க் கழுத்து வரைக்கும் நிரம்பியிருந்தது. சுத்தம் செய்யும் பட்டியலைத் திறந்தேன். தற்காலிகக் கோப்புகள், பழைய புதுப்பிப்புகள், குப்பைத் தொட்டி, டவுன்லோட்ஸ். டவுன்லோட்ஸில்தான் பெரிய அளவு இருந்தது. சட்டென்று திறந்து பார்த்தேன்: கேக் அலங்கார வீடியோக்கள், ஒரே படம் இரண்டு மூன்று தடவை. குப்பை என்று முடிவு செய்தேன். எல்லாவற்றிலும் டிக் போட்டு அழித்தேன்.

பிறகு டிரிம் நிலையைப் பார்த்தேன். அதைக் கேட்கும் கட்டளைக்கு 0 என்று பதில் வந்தால் டிரிம் போகிறது. 1 என்று வந்தால் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. 1 என்று வந்தது. தாமதத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். 0 ஆக மாற்றினேன். ஆப்டிமைஸ் சாளரத்தைத் திறந்தேன். மணி மூன்றரை.

நகலை விட்டவளுக்கு வாய்விட்டுச் சொல்வதையும் விட எவ்வளவு நேரம் ஆகும்? விட்டிருப்பேன். ஆனால் எனக்கு ஒரு குணம். அடுப்பை அணைத்தேனா என்று கார் வரைக்கும் போய்த் திரும்பி வருகிறவள். என் கணவர் அதற்காகத் தினமும் கேலி செய்வார். அந்தக் குணம்தான் என்னை ஷர்மிளா பக்கம் திருப்பியது.

"ஷர்மிளா, சொல்லிர்றேன். மலர் அக்கா லேப்டாப். ஹெல்த் நல்லா இருக்கு. டிஸ்க் ஃபுல்லா இருந்துச்சு, டவுன்லோட்ஸ் எல்லாம் அழிச்சிட்டேன். டிரிம் ஆஃப்ல இருந்துச்சு, ஆன் பண்ணிட்டேன். இப்ப ஆப்டிமைஸ்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"காப்பி எந்த டிஸ்க்ல இருக்கு?"

நான் காலியாகக் கிடந்த நகல் டிஸ்க்கைப் பார்த்தேன். அவர் எழுந்து வந்தார். மூடியின் மேல் பார்த்தார். டேப் இல்லை.

"மௌஸ்ல இருந்து கைய எடுங்கக்கா."

எடுத்தேன். அவர் மின் பொத்தானை அழுத்திப் பிடித்துக் கணினியை அப்படியே அணைத்தார். ஒழுங்காக மூடினால் அந்த நேரத்தில்கூடக் கணினி எதையாவது எழுதும் என்பதால் அப்படி. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்து என்னை உட்கார வைத்தார்.

"அழிக்கும்போது டிரிம் ஆஃப்லதான இருந்துச்சு? நிச்சயமா?"

"நிச்சயமா. அழிச்ச அப்புறந்தான் ஆன் பண்ணேன்."

"அப்ப அழிஞ்ச செய்தி டிஸ்க்குக்குப் போயிருக்காது. இன்னும் உள்ள கிடக்க வாய்ப்பு இருக்கு. ஆஃப் பண்ண புண்ணியவான் யாருன்னு தெரியல, அவனுக்கு ஒரு மாலை போடணும்" என்றார். "மொத அந்த அக்காவைக் கூப்பிடணும். நான் பேசவா, நீங்க பேசுறீங்களா?"

அவர் பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவரும் அதைத் தெரிந்துதான் கேட்டார். நானே பேசுகிறேன் என்றேன்.

"மலர் அக்கா, தேவி பேசுறேன். டவுன்லோட்ஸ்ல ஏதாச்சும் வச்சிருந்தீங்களா?"

"அதுலதான பாப்பாவோட பேப்பர் எல்லாம் இருக்கு. ஏன்?"

பாப்பா என்றால் தர்ஷினி. அவருடைய வளர்ப்பு மகள். அப்போது பதினொரு வயது. பெற்ற தாய், குழந்தை பிறந்த சில மாதங்களில் மலர் அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, அதற்குச் சம்மதம் சொல்லி இரண்டு பக்கக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர், பிறகு காலமாகிவிட்டார். பிள்ளைக்குக் குடியுரிமை ஆவணம் இல்லை. பல ஆண்டுகள் அலைந்து, குடியுரிமையும் அடையாள அட்டையும் தரும் பதிவிலாகாவில் அடுத்த வாரம் வியாழக்கிழமை நேர்முகம் கிடைத்திருந்தது. அந்தக் கடிதம், கிளினிக் அட்டை என்று அசல் தாள்கள் எல்லாம் வெள்ளத்தில் ஊறிக் கூழாகிவிட்டன. அதற்கு முன் தெரிந்தவர் ஒருவர் அவற்றைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அவர் கைப்பேசியும் மாறிவிட்டது, மலர் அக்காவின் கைப்பேசியும் மாறிவிட்டது. மடிக்கணினியில் இறக்கி வைத்ததுதான் மிச்சம். இதெல்லாம் அந்தத் தொலைபேசிப் பேச்சில்தான் எனக்குத் தெரிய வந்தது.

"அழிச்சிட்டேன்கா. உங்கள கேக்காம அழிச்சிட்டேன். எடுக்க முடியுமான்னு பாத்துக்கிட்டு இருக்கோம்."

அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

"இன்னும் தெரியலக்கா."

"சரி. தெரிஞ்சா கூப்பிடு. தெரியாட்டியும் கூப்பிடு" என்று வைத்துவிட்டார்.

நான் மேசையிலேயே தலையைச் சாய்த்துவிட்டேன். ஷர்மிளா என் கைப்பையை எடுத்துக் கையில் கொடுத்தார். "கிளம்புங்க. பிள்ளைக்கு உடம்பு சரியில்லன்னு போன் வந்தா அப்பவே சொல்லணும். நான் என்ன சொல்லியிருப்பேன்? டிஸ்க்குக்குக் கரண்டு இல்ல. அதுக்கு இனிமே ஒண்ணும் ஆகாது. பாப்பாவ டாக்டர்கிட்ட காட்டுங்க."

நான் போன பிறகு அவர் செய்ததை மறுநாள்தான் பார்த்தேன். டிஸ்க்கைக் கழற்றி, படிக்க மட்டும் விடுகிற ஒரு சிறு பெட்டியில் மாட்டி, ஓரெழுத்துகூட அதில் எழுதாமல் முழு நகல் எடுத்திருந்தார். ஆபத்து வந்த பிறகு எடுத்த நகல். நான் மதியமே எடுத்திருக்க வேண்டியது. மீட்பு வேலை எல்லாம் அந்த நகலில்தான். மூலத்தைத் தொடவில்லை.

மகளுக்கு அந்த நோய்தான். கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். காலையில் நான் கடைக்குள் நுழைந்தபோது மலர் அக்கா ஏற்கனவே வந்து ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பண்டார் தெங்காராவிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார். மடியில் ஒரு டப்பா. திறந்து நீட்டினார்.

"நேத்து ஆர்டர் கேக்ல மிஞ்சுன ஓரம். சாப்பிட்டுட்டு வேலையப் பாரு. உன் பாப்பாவுக்கு எப்பிடி இருக்கு?"

எந்த முகத்தை வைத்துக்கொண்டு வாங்குவது என்று தெரியாமல் வாங்கினேன்.

டிஸ்க்கை எடுக்கக் கழற்றிய பின்மூடியை, பழைய கணினி என்பதால் உள்பக்கத்தையும் சுத்தம் செய்யலாம் என்று ஷர்மிளா மாட்டாமலே வைத்திருந்தார். மூடியின் உட்புறம் கடையின் சிறு சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது, எஸ்.எஸ்.டி. போடும்போது யார் போட்டது என்று எழுதி ஒட்டுகிற சீட்டு. அவர் அதை என் பக்கம் திருப்பினார். "தே." என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. அதன் கீழே, "டிரிம் ஆன் - 1".

சுவரில் முன்பு இருந்த பழைய தாளில் "டிரிம் ஆன் செய்யவும்" என்று மட்டும் இருந்தது. ஆன் என்றால் ஒன்று என்று நானே நினைத்துக்கொண்டு, முதல் மாதங்களில் எல்லாக் கணினிகளிலும் ஒன்று அடித்திருக்கிறேன். ஏற்கனவே ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததை நிறுத்தியிருக்கிறேன். கூடவே, எஸ்.எஸ்.டி.க்கு அடுக்கிச் சீராக்கும் வேலை ஆகாது என்று கேள்விப்பட்டு, வாராவாரம் தானாக ஓடும் ஆப்டிமைஸையும் நிறுத்தியிருக்கிறேன். ஷர்மிளா வந்து சரியான முறையைச் சொன்னபோது எனக்கு ஒரு கணம் உறுத்தியது. முன்பு என்ன அடித்தேன்? பூஜ்யமாகத்தான் இருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அடுப்பை மூன்று முறை பார்க்கிறவள், இதை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது, அதுதான் காரணம்.

ஷர்மிளா மெதுவாக, "மாலை உங்களுக்குத்தான் போடணும் போல" என்றார்.

மீட்பு மென்பொருள் நகலில் ஓடி முடித்தது. ஆயிரக்கணக்கில் கோப்புகள் வந்தன. பலவற்றுக்குப் பெயர் போய் எண்கள் மட்டும் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. நான் திறப்பேன், மலர் அக்கா பார்த்துச் சொல்வார்.

"இது என் கொழுந்தன் கல்யாணம். அடுத்தது. இது வெள்ளத்தப்ப எடுத்தது, அடுப்பு மிதக்குது பாரு. அடுத்தது. ஐயோ அலமாக், இந்தப் படமெல்லாம் எப்ப வந்துச்சு? அடுத்தது."

மதியத்துக்குள் கிளினிக் அட்டை கிடைத்தது. பிறகு கடிதத்தின் முதல் பக்கம். மலர் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். அதற்கு நாற்பது, ஐம்பது படங்கள் தள்ளி இரண்டாவது பக்கம் வந்தது. மேல் பாதி தெளிவாக இருந்தது. கீழ்ப் பாதி வெறும் சாம்பல் நிறம். நான் அழித்த பிறகு கணினி தன் வேலைக்காக எழுதிய ஏதோ ஒன்று அந்த இடத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது.

"கையெழுத்து கீழ இருந்துச்சு" என்றார் மலர் அக்கா.

நான் ஷர்மிளாவைப் பார்த்தேன். அவர் படத்தைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார். பிறகு தலையை ஆட்டினார். "மேல எழுதிட்டா ஒண்ணும் பண்ண முடியாதுக்கா." அதைச் சொல்ல அவருக்கும் கஷ்டமாக இருந்தது. "கையெழுத்து இல்லாம ஏத்துக்குவாங்களா?" என்று மலர் அக்காவைக் கேட்டார்.

"அதத்தான பாக்கணும்னு சொன்னாங்க. அந்தம்மாவே இப்ப இல்ல. வேற யாரு போடுவா?"

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் முந்தின நாள் டவுன்லோட்ஸில் பார்த்தது நினைவுக்கு வந்தது. ஒரே படம் இரண்டு தடவை, மூன்று தடவை. அதைப் பார்த்துத்தானே குப்பை என்று முடிவு செய்தேன்.

"அக்கா, வாட்ஸ்அப்ல இருந்து இறக்கும்போது எத்தன தரம் அமுக்குவீங்க?"

"வந்துச்சா வரலையான்னு தெரியாது லா. ரெண்டு மூணு தரம் அமுக்குவேன். ஏன், அது தப்பா?"

ஷர்மிளா நாற்காலியோடு என் பக்கத்துக்கு உருண்டு வந்தார். கிடைத்த பாதிப் படத்தின் அளவைக் குறித்துக்கொண்டு, பட்டியல் முழுவதையும் அளவு வரிசையில் அடுக்கினார். அதே அளவில் இன்னும் இரண்டு கோப்புகள் இருந்தன. முதலாவது திறக்கவே இல்லை. இரண்டாவதைத் திறந்தேன். மேலிருந்து வரி வரியாக வந்தது. பாதிக்கு வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வந்துருச்சு" என்றார் மலர் அக்கா. "கையெழுத்து. தேதி. எல்லாம் வந்துருச்சு. கண்ணத் தொற, பைத்தியம்."

அன்றே அந்தப் படங்களை மூன்று இடத்தில் சேமித்துக் கொடுத்து, தாளிலும் அச்சடித்துக் கொடுத்தோம். அவர் கிளம்பும்போது நான் அந்தச் சீட்டைக் காட்டினேன். ஷர்மிளா என்னைக் காட்டச் சொல்லவில்லை. காட்ட வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"அக்கா, உங்க லேப்டாப் இத்தன நாளா ஸ்லோவா இருந்ததுக்குக் காரணமும் நான்தான். அப்ப தப்பா போட்டு வச்சிட்டேன்."

முழுவதையும் விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"அப்ப, நீ அன்னிக்கு சரியா போட்டிருந்தா, நேத்து நீ அழிச்சதும் மொத்தமா போயிருக்கும்?"

"ஆமாக்கா."

"பின்ன எதுக்கு இந்த மூஞ்சி?"

"அன்னிக்கு சரியா போட்டிருந்தா லேப்டாப் ஸ்லோ ஆகியிருக்காது. நீங்க வந்திருக்கவே மாட்டீங்க. நான் அழிச்சிருக்கவும் மாட்டேன்."

அவர் ஷர்மிளாவைத் திரும்பிப் பார்த்து, "இது எப்பவுமே இப்பிடித்தானா?" என்று கேட்டார்.

"எப்பவுமே" என்றார் ஷர்மிளா.

அந்த வாரக் கடைசியில் ஷர்மிளா என் முதல் ஐந்து மாதங்களின் ரசீதுப் புத்தகங்களை எடுத்து மேசையில் வைத்தார். நான் அவற்றைப் புரட்டி, எஸ்.எஸ்.டி. போட்ட ஒவ்வொருவரையும் கூப்பிட்டேன். "என் கம்ப்யூட்டர் நல்லாத்தான இருக்கு, எதுக்கு வரச் சொல்றீங்க, ஸ்கேமா?" என்று கேட்டவர்கள் உண்டு. விற்றுவிட்டதாகச் சொன்னவர்கள் உண்டு. வர முடியாத ஒருவருக்காக ரெங்கம் வரை நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன்; மகள் குணமாகிப் பின் இருக்கையில் பாடிக்கொண்டு வந்தாள். எல்லாக் கணினியிலும் முதலில் கேள்வி, பிறகு நகல், பிறகுதான் பூஜ்யம். கோபப்பட்டவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் நன்றி சொன்னார்கள். அந்த நன்றி எனக்குக் கூசியது.

ஆகவே நிஷா, வேகம் குறைந்தது என்று வந்தவருக்கு எதற்கு நகல் என்றால், வேகத்தைக் கூட்டுகிற அதே பொத்தான்தான் திரும்ப முடியாதபடி துடைக்கிற பொத்தானும். இப்போது வருகிற மடிக்கணினிகளில் டிரிம் பிறந்ததிலிருந்தே ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது. பலவற்றில் டிஸ்க்கைக் கழற்றவும் முடியாது. எனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் உனக்குக் கிடைக்காது. வாடிக்கையாளர் அவசரப்பட்டால் மூன்றாவது கேள்வியைக் கேள். பதில் சொல்லும்போது அவர்களே அமைதியாகிவிடுவார்கள்.

ஷர்மிளாவுக்கு நான் நேரில் நன்றி சொன்னதில்லை. சொன்னால் "அப்புறம்?" என்பார். அவர் மீட்டுக் கொடுத்த கோப்புகளுக்காக மட்டும் அல்ல. அந்தத் தொலைபேசியை என் கையில் விட்டதற்கும், அதே கையில் என் பையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியதற்கும். அன்று அவர் என்னைத் திட்டி அனுப்பியிருந்தால் நான் அடுத்த மாதமே நின்றிருப்பேன். மீதி மூன்று ஆண்டுகள் எனக்கு இருந்திருக்காது.

அடுத்த வார வியாழக்கிழமை மலர் அக்கா படங்களை நேர்முகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கிக்கொண்டார்கள். பிறகு ஒரு ஆண்டு பதில் இல்லை. இன்னும் சில தாள்கள் கேட்டார்கள், கொடுத்தார். மறுபடியும் காத்திருந்தார். நான் வேலையை விட்ட பிறகும் மாதம் ஒரு முறை கேட்பேன். "இன்னும் இல்ல லா" என்று பதில் வரும்.

போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தார், தர்ஷினியோடு. அவளுக்கு இப்போது பதினாலு வயது, அம்மாவைவிட உயரம். என் இரண்டாவது மகளைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். கேக்கை மேசையில் வைத்தார். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். பிறகு மகளைப் பார்த்து, "காட்டு" என்றார்.

தர்ஷினி கைப்பேசி உறையின் பின்னாலிருந்து ஓர் அடையாள அட்டையை எடுத்து, கொஞ்சம் வெட்கத்தோடு என் கையில் வைத்தாள். நான் முன்பக்கம் படித்தேன், பின்பக்கம் படித்தேன், பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தேன். பிறகு திருப்பி இன்னொரு முறை படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது.